‘இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்க வேண்டாம்’: எந்தக் கணினியில் சரி போடலாம்?

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் ஆறு அறைகளுடன் விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விடுதியின் ஜீமெயில் கணக்குக்கு அவர் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு, அவருடைய கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கொடுத்தால்தான் கணக்குத் திறக்கும். வீட்டிலுள்ள மடிக்கணினி, விடுதியின் வரவேற்பு மேசைக் கணினி, டொரோண்டோவில் இருக்கும் மகனின் கணினி என்று மூன்று இடங்களிலும் இந்தக் குறியீடு கேட்கப்படுவதால் அவர் சலித்துப் போயிருக்கிறார். “மூன்றிலும் ‘மீண்டும் கேட்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் சரி போட்டுவிடட்டுமா, இல்லாவிட்டால் இந்தச் சரிபார்ப்பையே நிறுத்திவிடட்டுமா? சரி போட்டால் எவ்வளவு காலத்துக்கு அப்படியே விடலாம்?” என்பதே அவருடைய கேள்வி. இதே கேள்வி கடைகள், தனியார் வகுப்புகள், சிறிய அலுவலகங்கள் நடத்தும் பலருக்கும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா, சரிபார்ப்பை நிறுத்த வேண்டாம். வீட்டு மடிக்கணினியில் தயங்காமல் சரி போடுங்கள். வரவேற்பு மேசைக் கணினியில் போட வேண்டாம். அங்கே உங்களுடைய கணக்கைத் திறக்கும் தேவையையே இல்லாமற் செய்ய வழி இருக்கிறது. மகனுடைய கணினிக்கு வேறொரு பதில் உண்டு. நகரத்தில் போட்டோகொப்பி எடுக்கும் கடைக்குப் போய் அவசரத்துக்கு மின்னஞ்சலைத் திறக்க நேர்ந்தால் அங்கே அந்தக் கட்டத்தை ஒருபோதும் தொடாதீர்கள்.

நீங்கள் சொன்னவற்றில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது சலிப்பைப் பற்றிய முறைப்பாடு அல்ல, அதற்கு இடையில் சாதாரணமாகச் சொல்லிப்போன ஒரு சம்பவம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த விருந்தினர்கள் அதிகாலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பி அவர்களுடைய பதிவைப் பார்க்க மின்னஞ்சலைத் திறக்கிறார். கணினி குறியீடு கேட்கிறது. அவர் உங்களை அழைக்கிறார். நீங்கள் அரைத் தூக்கத்தில், கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிவிட்டு மீண்டும் படுத்துவிடுகிறீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இது நடக்கிறது என்றீர்கள்.

குறியீட்டைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவது உங்களுக்குப் பழகிவிட்டது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான். ஒருநாள் வேறொரு குரல், அறைப் பதிவுத் தளத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, “இப்போது ஒரு எண் வந்திருக்கும், சற்று வாசியுங்கள்” என்று கேட்கும்போது, வாசித்துப் பழகிய வாய் யோசிப்பதற்கு முன்பே வாசித்துவிடும். அளவுக்கு மீறிக் கேட்கப்படும் கேள்விக்கு மனிதர்கள் கவனமின்றிப் பதில் சொல்லத் தொடங்குவது எங்கும் நடப்பதுதான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், அங்கு ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் அந்தப் பணியாளரின் கைத்தொலைபேசியில் ‘நீங்கள்தானா?’ என்ற அனுமதிக் கோரிக்கை வந்தது. முதலில் மறுத்தவர் கடைசியில் ஒன்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஆகவே தேவையற்ற இடத்தில் குறியீட்டைக் கேட்காமற் செய்வதைச் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் தினமும் கேட்காமல் இருந்தால்தான், திடீரென்று ஒருநாள் கேட்கும்போது ‘ஏன் கேட்கிறது?’ என்று நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

சரி போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால், எங்கே போடலாம் என்பதை நீங்களே தீர்மானித்துவிடலாம். கடவுச்சொல்லும் குறியீடும் சரியாக இருந்தால், கூகுளின் சேவையகம் உங்கள் உலாவிக்கு நீண்ட இரகசிய எழுத்துத் தொடர் ஒன்றை அனுப்பிச் சேமித்து வைக்கச் சொல்கிறது. இதைக் குக்கி என்பார்கள். அடுத்த முறை அதே உலாவியிலிருந்து நீங்கள் வரும்போது உலாவி அந்தத் தொடரைக் காட்டுகிறது. சேவையகம் கடவுச்சொல்லை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாம் படியைத் தவிர்த்துவிடுகிறது. நம்பிக்கை வைக்கப்படுவது உங்கள் மேலும் அல்ல, அந்த இயந்திரத்தின் மேலும் அல்ல. அந்த உலாவிக்குள் இருக்கும் ஒரு சிறு கோப்பின் மேல்தான். குரோமில் சரி போட்டிருந்தாலும் பயர்பொக்ஸில் திறந்தால் மீண்டும் கேட்பது இதனால்தான். உலாவியின் வரலாற்றைத் துடைக்கும்போது குக்கிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் மீண்டும் கேட்கும். மறைநிலைச் சாளரத்தில் சரி போட்டால் சாளரத்தை மூடியவுடன் அது மறைந்துபோகும். வீட்டு மடிக்கணினியில் சரி போட்டும் அடிக்கடி கேட்கிறது என்று சொன்னீர்கள். கணினியைச் சுத்தப்படுத்துவதற்கென்று யாராவது நிறுவிக் கொடுத்த மென்பொருள் ஏதாவது இரவில் குக்கிகளை அழிக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த கணினிகள் பலவற்றில் காரணம் அதுவாகவே இருந்திருக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, வெளியேறாமல் கணக்கைத் திறந்தபடியே விடுவது. அப்படி விட்டால் கடவுச்சொல்லும் கேட்கப்படாது, குறியீடும் கேட்கப்படாது. கணினியைத் திறப்பவர் நேராக உங்கள் மின்னஞ்சலுக்குள் நிற்பார். ‘மீண்டும் கேட்க வேண்டாம்’ என்பதில் ஒரு பூட்டு மிச்சமிருக்கிறது, இதில் ஒன்றும் மிஞ்சாது. அப்பிள் நிறுவனத்தின் சாதனங்கள் உங்களிடம் இருந்தால் சொல்லொன்றும் குழப்பும்: அவர்கள் ‘நம்பகமான சாதனம்’ என்று சொல்வது, நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்திருக்கும் ஐபோன், ஐபேட், மக் கணினி ஆகியவற்றை. குறியீடு வந்து காட்டப்படுவதே அவற்றின் திரையில்தான். அந்தப் பட்டியலில் ஒரு பழைய ஐபோன் இருந்து, அது இப்போது வேறொருவர் கையில் இருந்தால், உங்கள் குறியீடு அவருக்குக் காட்டப்படும்.

ஆகவே ஒரு கணினியில் சரி போடுவதென்றால், கணக்கின் வாசலிலிருந்த இரண்டாம் பூட்டைக் கழற்றி அந்தக் கணினியின் வாசலில் மாட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாட்டுவதற்குக் கதவு இருக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியைத் திறக்கும்போது பின் எண்ணோ கைரேகையோ கேட்கிறதா? ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாகப் பூட்டிக்கொள்கிறதா? வீட்டுக்கு வரும் பிள்ளைகள் விளையாடுவதற்கு அதே பயனர் கணக்கையே திறந்து கொடுக்கிறீர்களா? பிள்ளைகளுக்கு விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தால், அவர்களுடைய உலாவி உங்களுடையதிலிருந்து முற்றாகப் பிரிந்துவிடும். பத்து நிமிட வேலைதான். வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் வசதி உங்கள் விண்டோஸில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். மடிக்கணினி களவு போனால், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்துபவருக்கு அப்போது எதுவும் வாசிக்கக் கிடைக்காது.

இங்கே ஒரு விடயத்தைக் கண்டிப்புடன் சொல்ல விரும்புகிறேன். கடைகளில் ‘கிராக்’ செய்து போட்டுத்தரும் மென்பொருள்கள் உள்ள கணினியில் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். உலாவியிலுள்ள குக்கிகளைத் திருடி அனுப்புவதற்கென்றே எழுதப்பட்ட தீநிரல்கள் இருக்கின்றன. அவை பரவும் முக்கிய வழிகளில் ஒன்று இப்படிப்பட்ட இலவசப் பிரதிகள். கணக்குத் திறந்திருக்கும்போது உலாவி வைத்திருக்கும் உள்நுழைவுக் குக்கி திருட்டுப் போனால், திருடியவர் கடவுச்சொல்லோ குறியீடோ இல்லாமலே உங்களைப் போல உள்ளே வந்துவிடுவார். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் அலைவரிசை பறிபோனது இவ்வாறுதான். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த இணைப்பை அங்கே பணியாற்றிய ஒருவர் திறந்ததும், உலாவியில் இருந்த உள்நுழைவுத் தகவல்கள் களவாடப்பட்டன. கணினிகளைப் பற்றியே நாள் முழுவதும் பேசுகிறவர்களுக்கு அது நடந்தது. அறைப் பதிவு விசாரணை என்ற பெயரில் உங்கள் விடுதிக்கும் இப்படியான இணைப்புகள் வரத்தான் செய்யும்.

இனி வரவேற்பு மேசைக்கு வருவோம். மூன்று பேர் மாறி மாறி உட்காரும், விருந்தினர்கள் எட்டிப் பார்க்கும் கணினி அது. சில நேரங்களில் விமானச் சீட்டை அச்சிடுவதற்கு விருந்தினரின் யூஎஸ்பி குச்சியும் அதில் செருகப்படுகிறது. அதற்கு எவ்வளவு பூட்டுப் போட்டாலும் அதை ஒருவருடைய கணினியாக ஆக்க முடியாது. உங்கள் கணக்கை அங்கே பாதுகாப்பாக எப்படித் திறப்பது என்று யோசிப்பதைவிட, அங்கே உங்கள் கணக்கு எதற்கு என்று யோசிப்பது நல்லது. ஜீமெயில் அமைப்புகளில் ‘கணக்குகள்’ பகுதியில், வேறொரு ஜீமெயில் கணக்குக்கு உங்கள் அஞ்சல்பெட்டியை வாசிக்கவும் பதில் அனுப்பவும் அதிகாரம் கொடுக்கலாம். தனிப்பட்ட கணக்கு ஒன்றுக்கு இப்படிப் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவர் தன்னுடைய கடவுச்சொல்லோடு தன்னுடைய கணக்குக்குள் நுழைந்து, கணினியில் விடுதியின் அஞ்சல்களைப் பார்ப்பார். உங்கள் கடவுச்சொல்லை மாற்றவோ பாதுகாப்பு அமைப்புகளைத் தொடவோ அவரால் முடியாது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய பெயரை மட்டும் நீக்கினால் போதும். விடுதியின் முகநூல் பக்கத்துக்கும் இதே முறை உண்டு: உங்கள் முகநூல் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், பக்கத்தை நிர்வகிக்கும் உரிமையை அவருடைய கணக்குக்கே கொடுக்கலாம். அதிகாலை ஐந்து மணி அழைப்பு இதோடு நின்றுவிடும். தம்பியின் கணக்குக்கும் இருபடிச் சரிபார்ப்புப் போடச் சொல்லுங்கள். குறியீடு அவருடைய சட்டைப் பைக்குள் இருக்கும் கைத்தொலைபேசிக்கே வரும்.

மகனுடைய கணினிக்கும் இதே வழிதான். அவருக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதை அஞ்சல்பெட்டியோடு இணைத்துவிடுங்கள். டொரோண்டோவில் அவருக்குப் பிற்பகல் என்றால் உங்களுக்கு இரவாகியிருக்கும். உங்கள் இலக்கத்துக்கு வரும் குறுஞ்செய்திக்காக அவர் காத்திருப்பதும், நீங்கள் எழுந்து வாசிப்பதும், முன்பு சொன்ன அதே பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

குறுஞ்செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சலிப்பில் பாதி அதனால்தான் வருகிறது. 2019 மே மாதத்தில், நியூயோர்க் பல்கலைக்கழகம், சான் டியாகோ கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு ஒன்றைக் கூகுள் வெளியிட்டது. குறுஞ்செய்திக் குறியீடு, தானியங்கி நிரல்களின் தாக்குதல்களை முழுமையாகவும், மொத்தமாக வீசப்படும் போலி மின்னஞ்சல் தூண்டில்களில் 96 சதவீதத்தையும், ஒருவரைக் குறிவைத்துச் செய்யப்படும் தாக்குதல்களில் 76 சதவீதத்தையும் தடுத்தது என்று அதில் கண்டார்கள். கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் அனுமதிக் கோரிக்கைக்குக் கடைசி இரண்டும் 99, 90 சதவீதமாக இருந்தன. ஆகவே வேறொன்றும் முடியாவிட்டால் குறுஞ்செய்தியாவது இருக்கட்டும் என்பேன். ஆனாலும் சிம் அட்டையை இன்னொருவர் உங்கள் பெயரில் மாற்றி எடுத்துவிட்டால் குறியீடுகள் அவருக்குப் போகும். டுவிட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜக் டோர்சியின் சொந்தக் கணக்கே 2019 ஓகஸ்ட்டில், அவருடைய தொலைபேசி இலக்கம் கைமாற்றப்பட்டதால், மற்றவர்கள் கைக்குப் போனது.

குறியீடு உருவாக்கும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் நிறுவிக்கொண்டால் சிக்னலும் வேண்டாம், ரோமிங்கும் வேண்டாம். தொடக்கத்தில் கியூஆர் கட்டத்தைப் படமெடுக்கும்போது ஒரு இரகசிய எண் செயலிக்குள் போய்விடுகிறது. அதையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 30 வினாடிகளுக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்கங்களைச் செயலி காட்டுகிறது. சேவையகமும் தன் பக்கத்தில் அதே கணக்கைச் செய்து ஒப்பிடுகிறது. கைத்தொலைபேசியின் நேரம் சரியாக இருந்தால் போதும். புறாத்தீவுக்குப் போகும் படகில் சிக்னல் இல்லாமல் இருந்தாலும் குறியீடு வரும்.

குறுஞ்செய்தி, செயலி ஆகிய இந்த இரண்டிலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. அசலைப் போலவே செய்யப்பட்ட போலிப் பக்கத்தில் நீங்கள் குறியீட்டைத் தட்டினால், அந்தப் பக்கத்தை நடத்துபவர் சில வினாடிகளுக்குள் அதை உண்மையான தளத்தில் இட்டு உள்ளே போய்விடலாம். அதைத் தடுப்பது பாஸ்கீ எனப்படும் கடவுச்சாவி. அதன் இரகசியம் உங்கள் கைத்தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ இருக்கும். கைரேகையோ பின் எண்ணோ கொடுத்தால் மட்டும் செயற்படும். எந்தத் தளத்தில் உருவாக்கப்பட்டதோ அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் சாவி பதில் சொல்லாது. அந்தச் சாவியைப் போலிப் பக்கத்தில் கொடுத்து ஏமாறுவதற்கு உங்களுக்கு வாய்ப்பே வராது. அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் 2022 மே மாதத்தில் இதைப் பரவலாக்குவதாகச் சேர்ந்து அறிவித்தன. இப்போது ஜீமெயிலில் எவரும் இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். பாதுகாப்பைக் கூட்டினால் வசதி குறையும் என்று நாம் பழகிவந்த கணக்கு இங்கே மாறிவிடுகிறது: விரலை வைத்தால் போதும், குறியீடும் இல்லை, தட்டச்சும் இல்லை. உங்கள் மடிக்கணினியில் கைரேகை வசதி இருந்தால், அந்தக் கட்டத்தில் சரி போடுவதைவிட அதில் கடவுச்சாவியை உருவாக்குவதே நல்லது. வரவேற்பு மேசைக் கணினியில் மட்டும் அதை உருவாக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு கைத்தொலைபேசியில் வைத்துவிட்டு அதையே தொலைத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு அது நடந்திருக்கிறது. நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஏறும்போது அலையொன்று கால் தடுமாற வைத்தது. சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி இடுப்பளவு நீருக்குள் விழுந்தது. எடுத்துவிட்டேன், ஆனால் அது மீண்டும் உயிர்பெறவில்லை. குறியீட்டுச் செயலி அதற்குள்தான் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தபோது, அது முன்பே நம்பிக்கை வைத்த சாதனமாக இருந்ததால் கடவுச்சொல்லோடு மின்னஞ்சல் திறந்தது. பழைய கைத்தொலைபேசியை நீக்குவதற்காகப் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போனவுடன் அது மறுபடியும் இரண்டாம் படியைக் கேட்டது. அந்தக் கேள்வி எனக்கு மகிழ்ச்சியையே தந்தது, ஏனென்றால் என் மடிக்கணினியைத் திருடியவரிடமும் அது அவ்வாறே கேட்டிருக்கும். அங்கே உதவியது, இரண்டு வருடங்களுக்கு முன்பு அச்சிட்டு வைத்த காப்புக் குறியீட்டுத் தாள். கூகுள் ஒரு தடவையில் பத்துக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கங்கள். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிய தொகுதியை எடுத்தால் பழையவை செல்லாமற் போகும்.

அந்தத் தாளை எங்கே வைப்பது என்பதை நம் ஊரவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் மாதக்கணக்கில் அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கியவர்கள் உப்புவெளியிலும் சல்லியிலும் சாம்பல்தீவிலும் இருக்கிறார்கள். ஒரு பிரதியைக் காணி உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். இன்னொன்றைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில், பாலையூற்றிலோ தம்பலகாமத்திலோ, ஒட்டிய உறைக்குள் கொடுத்து வையுங்கள். கடவுச்சொல்லை அதே தாளில் எழுத வேண்டாம். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது பிரதியாகாது. தொலைவது அந்தக் கைத்தொலைபேசியாகத்தானே இருக்கும்.

எவ்வளவு காலத்துக்கு விடலாம் என்ற கடைசிக் கேள்விக்கு நாட்கணக்கில் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. சில சேவைகள் தாமாகவே ஒரு கால எல்லை வைத்து மீண்டும் கேட்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவற்றில், கணினி உங்கள் கையைவிட்டுப் போகும் நாள்தான் எல்லை. திருத்தக் கொடுப்பதானால், கடைக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள் இரவு கணக்கிலிருந்து வெளியேறி, குக்கிகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். திருத்துபவர் கடவுச்சொல் கேட்டால், கணினியைத் திறப்பதற்கு வேறொரு பயனர் கணக்கை உருவாக்கிக் கொடுங்கள். நானும் என்னிடம் வருபவர்களிடம் அப்படித்தான் கேட்கிறேன். விற்பதானாலோ யாருக்காவது கொடுப்பதானாலோ முழுவதும் அழித்துவிட்டே கொடுக்க வேண்டும். களவு போய்விட்டால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியலைத் திறந்து அதை வெளியேற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில் நம்பிக்கை வைத்த எல்லாச் சாதனங்களையும் ஒரே அழுத்தலில் இரத்துச் செய்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். விடுதியின் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலையும் அதே கையோடு பாருங்கள். அங்கே வரவேற்பு மேசைக் கணினி எப்போதோ இணைக்கப்பட்டு இன்னமும் இருக்கக்கூடும். வாட்ஸ்அப்புக்கும் ஆறு இலக்கப் பின் எண்ணைக் கொண்ட தனி இருபடிச் சரிபார்ப்பு உண்டு, அதைப் போடாதிருந்தால் இன்றே போடுங்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் உப்புவெளிப் பக்கம் வருகிறேன். அதற்கு முன்பு நீங்கள் செய்து வைக்க வேண்டியது ஒன்றுதான்: வரவேற்பு மேசையிலுள்ள மூவரிடமும் அவரவர் ஜீமெயில் முகவரியைக் கேட்டு எழுதி வையுங்கள். மீதியை ஒன்றாக உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.